புளியமரத்துப் பக்கம்

மயிலி ஆளைக் கொன்ற குதிரை. அவளைச் சுட்டுவிடுவது என்று ஜமீனில் முடிவாகிவிட்டது.

பூவலிங்கம் ஓடிப்போய் ஜமீன்தார் காலில் விழுந்தார். செத்தது அவருடைய தம்பி சுடலை. தம்பியைக் கொன்ற குதிரைக்காக அண்ணனே வந்து அழுதால் யார்தான் என்ன சொல்வார்கள்?

"எட்டு நாள் தாரேன். நீயே கயித்துல விட்டு ஓட்டிக் காட்டணும். பத்துச் சுத்து மிரளாம ஓடினா இருக்கட்டும். ஒரு தடவை மிரண்டாலும் துப்பாக்கிதான்" என்றார் ஜமீன்தார்.

மயிலி பிறந்த அன்றே தாயைப் பறிகொடுத்தவள். ஆட்டுப்பால் புகட்டி வளர்த்தவன் சுடலை. பெண்டாட்டி பிள்ளை இல்லாத அவன் விட்டுப்போனது அந்த ஒரு உயிரைத்தான்.

பூவலிங்கத்துக்கு வண்டிமாடு தெரியும், குதிரை தெரியாது. குதிரை பழக்குகிற காசிம் ராவுத்தரிடம் போய்ச் சேர்ந்தார். ராவுத்தர் அவரைவிடப் பத்து வயது இளையவர். வாயைத் திறந்தால் ஒன்று கேள்வி, இல்லாவிட்டால் கேலி.

பார்ப்பதற்கு எளிதான வேலைதான். நீளக் கயிற்றின் ஒரு நுனி குதிரையின் முகத்தில், மறு நுனி நடுவில் நிற்பவர் கையில். குதிரை அவரைச் சுற்றி ஓடவேண்டும். கயிறு தரையில் தொய்யக்கூடாது, விறைக்கவும் கூடாது. கையில் சுற்றிக்கொள்ளவே கூடாது. சுடலை அன்றைக்குச் சுற்றிக்கொண்டிருந்தான். புளியமரத்துப் பக்கம் ஒரு பாம்பு குறுக்கே ஓடியது. மயிலி பாய்ந்தாள். கயிறு கையைவிட்டு அவிழவில்லை.

ஏழு நாள் பழகியும் மயிலி அந்த ஒரு இடத்தில் மட்டும் மிரண்டாள். மற்ற பக்கமெல்லாம் அழகாக ஓடி வருவாள். புளியமரம் நெருங்கியதும் காதை விறைத்து, கண்ணை உருட்டி, பக்கவாட்டில் துள்ளுவாள். சுடலை அங்கே நிற்கிறான் என்று லாயத்தில் பேசிக்கொண்டார்கள். பூவலிங்கம் மரத்தடியில் சுருட்டு வைத்துக் கும்பிட்டுப் பார்த்தார். சுருட்டு காணாமல் போனதுதான் மிச்சம்.

"ராவுத்தரே, அவ யாரைப் பாத்து மிரளுதா?"

ராவுத்தர் மயிலியின் குளம்பைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எந்தம்பிதானே? சொல்லிருங்க. எனக்குத் தூக்கமே இல்ல."

"நாளைக்குப் பாப்போம் அண்ணாச்சி."

மறுநாள் வெயில் ஏறுமுன்பே ஜமீன் காரியஸ்தர் அம்பலவாணர் துப்பாக்கியோடு வந்துவிட்டார். தண்ணீர்த்தொட்டி ஓரம் நிழலாக இருந்தது, அங்கே நின்றுகொண்டார். புளியமரம் அதற்கு நேர் எதிர்ப்புறம்.

பூவலிங்கம் கயிற்றை நீளவிட்டார். மயிலி ஓடினாள். தொட்டி தாண்டியாயிற்று, வேலி தாண்டியாயிற்று. மரம் வந்தது. மயிலி துள்ளி விலகினாள்.

முதல் சுற்றிலேயே முடிந்துபோயிற்று. காரியஸ்தர் தோளிலிருந்து துப்பாக்கியை எடுத்தார்.

"கொஞ்சம் பொறுங்க ஐயா" என்று ராவுத்தர் வளையத்துக்குள் வந்தார். தன் தலைத்துண்டை அவிழ்த்துப் பூவலிங்கத்தின் கண்ணைக் கட்டினார். கண்ணாமூச்சி ஆடும் பிள்ளையைப்போல நாலு சுற்றுச் சுற்றிவிட்டார்.

"ராவுத்தரே, என்ன இது? கண்ணைக் கட்டிட்டு எப்படி..."

"ஓட்டுங்க."

மயிலி ஓடத் தொடங்கினாள். பூவலிங்கத்துக்குக் குளம்புச் சத்தமும் தன் மூச்சும் மட்டுமே கேட்டன. கயிறு போன பக்கம் திரும்பிக்கொண்டே இருந்தார். மரம் எங்கே? இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா? எங்கோ இலை சலசலத்தது. புளியமரம்தான். சந்தேகமே இல்லை. தம்பி இதோ நிற்கிறான், தலையெல்லாம் மண்ணும் ரத்தமுமாக நிற்கிறான்.

மயிலி கனைத்துக்கொண்டு எகிறினாள். கயிறு வெட்டி இழுத்ததில் பூவலிங்கம் முழங்காலில் விழுந்தார்.

"வந்துட்டான்! வந்துட்டான்!"

"யாரு?"

"தம்பி!"

"எங்க நிக்கான்?"

"இந்தா, மரத்தடியில. அவ முன்னாலதான் நிக்கான்!"

ராவுத்தர் கட்டை அவிழ்த்தார்.

மயிலி உடல் நடுங்க நின்றது தண்ணீர்த்தொட்டி ஓரத்தில். காரியஸ்தர் பயந்துபோய்த் தொட்டிச் சுவரின்மேல் ஏறி நின்றார். புளியமரம் பூவலிங்கத்தின் முதுகுக்குப் பின்னால் இருந்தது.

பூவலிங்கம் மரத்தைப் பார்த்தார். மயிலியைப் பார்த்தார். பிறகு குனிந்து தன் கையைப் பார்த்தார். விரல்கள் கயிற்றை இறுக்கிய இறுக்கில் ரத்தம் செத்து வெளுத்திருந்தன. அவற்றைப் பிரிக்கவே அவருக்குச் சற்று நேரமாயிற்று.

"ரெண்டு தடவை மிரண்டாச்சு" என்றார் காரியஸ்தர் சுவரிலிருந்து இறங்காமலே.

"ரெண்டாவது தடவை நீங்க நின்ன இடத்துலல்லா மிரண்டா? அப்போ நீங்கதான் பேய்னு வரும் ஐயா" என்றார் ராவுத்தர்.

காரியஸ்தர் முறைத்தார். தான் சுவரேறியது ஊருக்குத் தெரிந்தால் என்னாகும் என்றும் யோசித்திருப்பார்.

"இன்னும் ஒரே ஒரு தடவை. அதுக்கு மேல கிடையாது."

பூவலிங்கம் எழுந்து கயிற்றை மடித்துப் பிடித்தார். இந்த முறை கண் கட்டவில்லை. மயிலி ஓடினாள். மரம் வந்தது. அவருக்கு மயிர்க்கூச்செறிந்தது, நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. விரல்களை மட்டும் இறுகவிடவில்லை. மயிலி ஒரு காதை அவர் பக்கம் திருப்பினாள், பிறகு தலையைத் தாழ்த்திக்கொண்டு மரத்தைக் கடந்தாள்.

இரண்டு. மூன்று. ஒவ்வொரு சுற்றிலும் மரம் வந்தது. ஒவ்வொரு முறையும் அவருக்கு உயிர் போய் வந்தது. பத்தாவது சுற்று முடிந்தபோது வேட்டி வேர்வையில் காலோடு ஒட்டியிருந்தது.

காரியஸ்தர் துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

பூவலிங்கம் மயிலியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதார். அழுகை ஓய்ந்ததும் ராவுத்தரிடம் வந்தார். மற்ற யாருக்கும் கேட்கக்கூடாது என்பதுபோல் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"ராவுத்தரே, பொய் சொல்லக்கூடாது. எனக்குப் பயம் போகல. பத்துச் சுத்தும் தம்பி அங்கனதான் நின்னான்."

"நிக்கட்டும் அண்ணாச்சி" என்றார் ராவுத்தர். "நீங்க கயித்து வழியா அவகிட்ட சொல்லலைல்லா?"