இருபத்தேழாம் ஆணி

மடத்திலிருந்து நாற்பது பேர் பழைய தங்கச் சுரங்கத்தைச் சுற்றிப் பார்க்கப் போனார்கள். எப்போதோ மூடிய சுரங்கம். இப்போது டிக்கெட் வாங்கினால் உள்ளே விடுகிறார்கள். குரு செங்கமலத்தம்மாவுக்கு நாற்பத்தைந்து வயது. மடத்தில் காய் நறுக்கும் சீடர் உலகநாதனுக்கு அறுபது.

வேனை விட்டு இறங்கும்போதே உலகநாதன் கேட்டார்.

“அம்மா, நாற்பது பேர்ல நான் ஒருத்தன் இல்லாட்டி என்ன குறைஞ்சிடும்?”

“முதல்ல ஹெல்மெட்டைப் போடுங்க” என்றார் அம்மா.

பதினோரு வருஷம் காய் நறுக்கியவருக்குச் சுருக்கென்றது. இன்றைக்கே ஊருக்குப் போய்விடுவது என்று முடிவு செய்தார். சொல்லிக்கொள்ளவும் வேண்டாம். யார் தேடப்போகிறார்கள்?

சுரங்க வாசலில் ஒரு பலகை. அதில் வரிசையாக ஆணிகள், ஒவ்வொன்றிலும் எண் போட்ட பித்தளை வில்லை. வழிகாட்டி அற்புதராஜ் ஒரு காலத்தில் அதே சுரங்கத்தில் பாறை உடைத்தவர்.

“ஆளுக்கு ஒண்ணு எடுத்துக்குங்க. மேல வந்ததும் அதே ஆணியில மாட்டணும். ஆணி காலியா இருந்தா ஆள் இன்னும் உள்ள இருக்கார்னு அர்த்தம். விளையாட்டில்ல.”

உலகநாதன் இருபத்தேழாம் வில்லையை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

உள்ளே முந்நூறு படிகள், ஈரச் சுவர், துருப்பிடித்த தண்டவாளம். எல்லாரும் வாய் பிளந்து பார்த்தார்கள். உலகநாதன் எதையும் பார்க்கவில்லை. மேலே வந்ததும் கூட்டத்திலிருந்து நழுவி, தெருமுனையில் நின்ற டவுன் பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தார். அப்பாடா என்றிருந்தது.

பஸ் கிளம்புவதாக இல்லை. கால் மணி நேரம் கழித்துச் சுரங்கத்தின் சங்கு ஊதியது.

டீக்கடையில் இருந்தவர்கள் தம்ளரைப் போட்டுவிட்டு ஓடினார்கள். கண்டக்டரும் குதித்தார்.

“உள்ள ஒரு ஆள் மாட்டிக்கிச்சாம்!”

உலகநாதனும் ஓடினார். அந்த வயதில் அப்படி ஓட வரும் என்று அவருக்கே தெரியாது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு வாசலுக்குப் போனார்.

“யாருங்க? எங்க மாட்டிக்கிட்டார்? நானும் இறங்கறேன்!”

மடத்து ஆட்கள் அவரையே பார்த்தார்கள். ஒருவர் பலகையைக் காட்டினார். ஓர் ஆணி மட்டும் காலி.

உலகநாதனின் கை சட்டைப்பைக்குப் போயிற்று. வெட்கம் பிடுங்கித் தின்றது. படிகளின் உச்சியில் நின்று கீழே பார்த்துக் கத்தினார்.

“நான் மேல இருக்கேன்!”

வெகு நேரம் கழித்து அற்புதராஜ் முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஏறி வந்தார். அவருக்குப் பின்னால், புடவையெல்லாம் சேறாக, அம்மா.

அற்புதராஜ் திட்டவில்லை.

“வில்லையை மாட்டுங்க சார்” என்று மட்டும் சொல்லிவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்தார்.

உலகநாதன் மாட்டினார்.

“என் ஒருத்தனுக்காக நீங்க ஏம்மா இறங்கினீங்க?”

அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“நீங்க எதுக்கு இப்படி மூச்சு வாங்க ஓடி வந்தீங்க?”

“யாரோ ஒரு ஆள் உள்ள மாட்டிக்கிட்டார்னு சொன்னாங்க.”

“ஒரே ஒரு ஆளுக்கா?” என்றார் அம்மா.