சென்னியப்பன் மீசையும் பித்தளை ஷெல்லும்

மொட்டணம்பாளையத்துக்காரர்களுக்கு மூளை கிடையாது என்று சுற்றுவட்டாரத்தில் சொல்வார்கள். அபாண்டம். மூளை இருந்தது. எடுத்துப் புழங்கினால் தேய்ந்துவிடுமே என்று பத்திரமாக வைத்திருந்தார்கள், அவ்வளவுதான்.

அந்த ஊரில் சென்னியப்பன் என்று ஒருவன். அவனுக்குக் கூட்டாளிகள் இருவர், கிட்டுச்சாமியும் ராக்கியண்ணனும். ஞாயிற்றுக்கிழமையானால் மூவரும் மூடிக் கிடந்த பழைய நூல் மில்லுக்குள் போய்ப் பொம்மைத் துப்பாக்கிச் சண்டை போடுவார்கள். கண்ணுக்குக் கனத்த கண்ணாடி மாட்டிக்கொண்டு பிளாஸ்டிக் குண்டுகளால் சுட்டுக்கொள்கிற விளையாட்டு. நடுவர் கிடையாது. குண்டு எங்கிருந்து வந்து எப்படிப் பட்டாலும் பட்டதுதான். பட்டவன் தானே கையைத் தூக்கிக்கொண்டு வெளியேறிவிட வேண்டும்.

சென்னியப்பனுக்கு உலகத்தில் இருந்த ஒரே சொத்து அவன் மீசை. ஆவணியில் அவனுக்குக் கல்யாணம். போட்டோவில் அந்த மீசையைப் பார்த்துத்தான் கோகிலவாணி சரி என்றிருந்தாள். அப்படிப்பட்ட மீசையை வைத்து அவன் பந்தயம் கட்டியது டீக்கடையில். பக்கத்து ஊர்ப் படைத்தலைவன் திருமூர்த்தி சீண்டிவிட்டான். இவனுக்கு ரோஷம் வந்துவிட்டது.

"வர்ற ஞாயித்துக்கெழமைச் சண்டையில தோத்தவன் பாதி மீசையை எடுத்துப்போடோணும். சம்மதமா?"

மழமழவென்று சவரம் செய்த முகத்தைத் தடவிக்கொண்டே திருமூர்த்தி உடனே சம்மதித்தான். வீட்டுக்கு வந்து கண்ணாடி பார்த்ததும் சென்னியப்பன் கூட்டாளிகளிடம் ஓடினான்.

"லாஞ்சர் சும்மாதானே கெடக்குது? அதுக்கு ஒரு கேஸ் ஷெல் வாங்கிட்டா ஜெயம் நம்முளுதுதான்" என்றான் கிட்டுச்சாமி. கேஸ் ஷெல் என்பது கைக்கு அடக்கமான ஓர் உருளை. அடியில் அழுத்தி அடைத்த கேஸ், வாயில் குண்டுகள். லாஞ்சர் என்கிற அகலவாய்ப் பொம்மைத் துப்பாக்கிக்குள் செருகி விசையை அழுத்தினால் அத்தனை குண்டும் ஒரே மூச்சில் சிதறும்.

அளவு சரியாக இருக்க வேண்டுமே! லாஞ்சரைப் பஸ்ஸில் கொண்டுபோனால் கண்டக்டர் பயந்துகொள்வார். அதனால் லாஞ்சர் வாய்க்குள் கச்சிதமாக உட்கார்ந்த ஒரு கத்திரிக்காயை எடுத்துக்கொண்டு கோயமுத்தூர் போனார்கள்.

"எல்லா ஷெல்லும் ஒரே சுத்தளவுதானுங்க" என்றார் கடைக்காரர். "பிளாஸ்டிக்கு லேசா இருக்கும். பித்தளை கனம், ஆனா வருசக்கணக்கா ஒழைக்கும். எது வேணும்?"

ராக்கியண்ணன் பித்தளை ஷெல்லைக் கத்திரிக்காய்க்குப் பக்கத்தில் நிறுத்தி, ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு பார்த்தான்.

"ஏனுங்க, இதுக்குக் காம்பு இல்லீங்களே?"

"ஷெல்லுக்கு எதுக்குங்க காம்பு?"

"எங்க கத்திரிக்காய்க்கு இருக்குதுங்களே."

கடைக்காரர் கத்திரிக்காயை அவர்கள் கையிலேயே திருப்பிக் கொடுத்தார். பிறகு பித்தளை ஷெல்லையும் அதற்கான கேஸ் டப்பாவையும் கட்டிக் கொடுத்து, குழந்தைக்குச் சொல்வதுபோல நிறுத்தி நிறுத்திச் சொன்னார். "இதுக்குள்ள இந்தக் கேஸைத் தவிர வேற எதையும் அடிக்கக் கூடாது. அடிக்கறப்பத் தலைகீழாப் புடிச்சு அடிக்கோணும். வெயில்ல வெக்காம குளுகுளுன்னு வெச்சுக்கோணும். சுட்டுப் பாக்கறதுக்கு முன்னாடி எதுத்தாப்புல ஆள் இல்லைன்னு பாத்துக்கோணும். வெளங்குச்சுங்களா?"

நன்றாக விளங்கிற்று.

சண்டை நாள் காலையில் மில் வாசலில் விவாதம் தொடங்கியது.

"எதைத் தலைகீழாப் புடிக்கறது? டப்பாவையா, ஷெல்லையா?" என்றான் கேஸ் அடிக்க உட்கார்ந்த கிட்டுச்சாமி.

"அவரு அதைச் சொல்லலியே."

"சொல்லாததுனால எல்லாத்தையும் புடிச்சுட்டா வம்பில்லை பாரு."

"அப்ப அடிக்கற ஆளை?"

"ஆளை மட்டும் விட்டுட்டா, அப்பறம் தப்பு நம்ம மேல வந்துரும்" என்றான் ராக்கியண்ணன்.

ஆளுக்கொரு காலாகப் பிடித்துக் கிட்டுச்சாமியைத் தலைகீழாகத் தூக்கினார்கள். முகம் தக்காளியாகச் சிவக்க, அந்தக் கோலத்திலேயே அவன் கேஸை அடித்தான். அதிசயம் என்னவென்றால் கேஸ் சரியாக ஏறிவிட்டது. இனி எப்போதும் இதுதான் முறை என்று முடிவாயிற்று. பிறகு வாயில் குண்டுகளை நிரப்பி, வெயில் ஏறிவிட்டதே என்று ஷெல்லுக்கு ஈரத்துணி சுற்றி, காய்ச்சல்காரனைப் பார்த்துக்கொள்வதுபோல முறை வைத்து விசிறினார்கள்.

சண்டை தொடங்கியது. தொடங்கிய வேகத்தில் மில் முற்றத்து மரத்திலிருந்து கிட்டுச்சாமியின் தலையில் ஒரு வேப்பம்பழம் விழுந்தது. பட்டது பட்டதுதான் என்று அவன் கையைத் தூக்கிக்கொண்டு வெளியே நடந்தான். இருவரும் ஒரே பைக்கில் வந்தவர்களாயிற்றே, அவனை விட்டுவிட்டு இருப்பது முறையில்லை என்று ராக்கியண்ணனும் கூடவே போனான்.

சென்னியப்பன் தனியாளாகிவிட்டான். எதிரில் தகரச் சுவரையொட்டித் திருமூர்த்தியும் அவன் ஆட்களும் முழுப்படையாக நின்றார்கள். மீசையை ஒரு தரம் தடவிப் பார்த்துக்கொண்டான். லாஞ்சரைத் தூக்கிவிட்டான், ஆனால் எதிரில் ஆட்கள் இருந்தார்களே!

"ஏனுங்க" என்று மறைவிலிருந்து எழுந்து நின்றே கூப்பிட்டான். "எதுத்தாப்புல ஆள் இருந்தா சுடக் கூடாதாமா. கொஞ்சம் அக்கட்டால நகந்துக்கோங்களேன்."

எதிராளிகள் சிரித்த சிரிப்பில் துப்பாக்கியைப் பிடிக்கக்கூட முடியவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்தபடி, மூலையிலிருந்த பஞ்சு மூட்டைகளின் ஓரமாகப் போய் நின்றார்கள். சென்னியப்பன் இடமும் வலமும் பார்த்து, எதிரில் ஈ காக்கை இல்லை என்று உறுதி செய்துகொண்டு, வெறும் தகரச் சுவரைக் குறிபார்த்து விசையை அழுத்தினான்.

டமார்! தகரத்தில் மோதிய குண்டுகள் அத்தனையும் திரும்பி, மழையாக மூலையில் போய்க் கொட்டின. சிரித்துக்கொண்டிருந்தவர்களில் ஒருவரும் தப்பவில்லை. விதி விதிதானே? எல்லாரும் கையைத் தூக்கினார்கள்.

மொட்டணம்பாளையம் ஜெயித்துவிட்டது. சென்னியப்பன் துள்ளிக் குதித்தான். சவரக் கத்தியை எடுத்துக்கொண்டு திருமூர்த்தியிடம் ஓடியபோதுதான் அந்தச் சங்கடம் தெரிந்தது.

"இவருக்கு மீசையே இல்லீங்களேப்பா!"

"இல்லாதவன்கிட்ட எப்படிப் பாதியை எடுக்கறது?" என்றான், சத்தம் கேட்டுக் கிட்டுச்சாமியோடு உள்ளே ஓடிவந்த ராக்கியண்ணன். "பந்தயம்னா பந்தயம். நீதான் கொஞ்சம் இரவல் குடுக்கோணும்."

"பாதி குடுத்தாப் போதுமா?"

கிட்டுச்சாமி விரலை மடக்கி யோசித்தான். "பாதியைக் குடுத்து அதுல பாதியை எடுத்தாக் கால்தான் வரும். பேச்சு பாதி மீசைக்கு. முழுசாக் குடுத்தாத்தான் கணக்குச் சரியா வரும்."

கணக்கை எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள். சென்னியப்பனின் மீசையை முழுதாகச் சிரைத்து, பசை தடவி, திருமூர்த்தி முகத்தில் ஒட்டினார்கள். பிறகு அதில் இடது பாதியை முறைப்படி எடுத்துப்போட்டார்கள். தோற்றவன் தலைகுனிந்து நின்றான், சிரிப்பை அடக்குவதற்காக. ஜெயித்தவன் மழமழவென்ற முகத்தோடு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வீட்டுக்குப் போனான்.

மறுபடி மீசை முளைப்பதற்குள் ஆவணியில் கல்யாணம் வந்துவிட்டது. மணவறையில் மாலையும் கழுத்துமாக உட்கார்ந்திருந்த கோகிலவாணி, மெல்லத் தலையைத் திருப்பி மாப்பிள்ளையைப் பார்த்தாள். மறுபடியும் பார்த்தாள்.

"ஏனுங்க, போட்டோவுல இருந்த மீசை எங்கீங்க?"

சென்னியப்பன் பெருமையோடு மூன்றாவது வரிசையைக் காட்டினான். அங்கே திருமூர்த்தி வலப்பக்கம் மட்டும் மீசையோடு உட்கார்ந்து, இவர்களைப் பார்த்துக் கும்பிட்டான்.

"அதா, அவருகிட்டத்தான் இருக்குது. பந்தி முடிஞ்சதும் திருப்பித் தந்தர்றேன்னு சொல்லியிருக்கறாரு. ஈரம் படாமச் சாப்படச் சொல்லியிருக்கறேன்."