பரிசல்காரியின் கைதட்டல்

வாயாலேயே பாலம் கட்டுகிறவர் சேர்மன் குழந்தைவேல். ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கும் கரைப்பாளையத்துக்கு வருஷா வருஷம் பரிசலில் வந்து இறங்குவார். மாலை வாங்கிக்கொண்டு, "பாலத்தை நான் முழுமனதோடு ஆதரிக்கிறேன்!" என்று முழங்குவார். ஊர்க்காரர்கள் நீட்டுகிற மனுவில் மட்டும் கையெழுத்துப் போடாமல் திரும்பிவிடுவார். இப்படியே ஒன்பது வருஷம் போனது.

இந்தத் தடவையும் பேசி முடித்துப் பரிசலில் ஏறி உட்கார்ந்தார். ஊருக்கு இருந்தது அந்த ஒரே பரிசல். பரிசல்காரி அங்காத்தா துடுப்பைத் தொடாமல் கரையில் நின்று கைதட்டினாள்.

"என்னம்மா, கிளப்பு. நான் ஊருக்குப் போகணும்."

"நீங்க போறத நான் முழுமனசா ஆதரிக்கறனுங்க!"

"நாங்களும் ஆதரிக்கறமுங்க!" என்று கூட்டமும் கைதட்டியது.

சேர்மனுக்கு முகம் சிவந்துவிட்டது. "கைதட்டினா பரிசல் நகருமா? துடுப்பைப் போடு!"

"நாங்களும் ஒம்பது வருஷமா அதத்தானுங்க கேக்கறோம்." அங்காத்தா இடுப்பில் செருகியிருந்த பிளாஸ்டிக் பையிலிருந்து மனுவை எடுத்து நீட்டினாள்.

"அட பைத்தியக்காரி, பாலம் வந்தா உன் பிழைப்புல்ல போயிடும்?"

"தெரியுமுங்க. மொத கைநாட்டப் பாருங்க, என்னுதுதான்."

சேர்மன் அதைப் பார்த்தார். பிறகு சட்டைப்பையில் பேனாவைத் தேடினார்.

அடுத்த மாதம், பாலத்துக்கு இடம் அளக்க வந்தவர்களை அங்காத்தாதான் பரிசலில் ஏற்றினாள். அவர்கள் நீட்டிய கூலியை அவள் வாங்கவில்லை.

"பாலத்த ஆதரிக்கறேன்னு சொல்லீட்டு, நானும் கைதட்டீட்டே நிக்கட்டுங்களா?" என்று துடுப்பைப் போட்டாள்.