மச்சினனுக்குக் கொடுத்த ஜோடி

பல்லடத்துக்குத் தெற்கே, வேலை நின்றுபோன ஒரு கல்குவாரியில் ஒரு குரு இருந்தார். குரு என்றதும் தாடியையும் மரத்தடியையும் தேட வேண்டாம். வசந்தமணி என்ற முப்பத்து மூன்று வயதுப் பெண். கல்லிலும் மண்ணிலும் மோட்டார் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுப்பது அவர் தொழில். பந்தயத்தில் ஓட்டிய காலத்தில் தோள் எலும்புக்கு வைத்த தகடு இன்னும் உள்ளேயே இருக்கிறது. பேச்சு குறைவு. படிக்க வந்தவர்கள் கேலியாகத்தான் 'குரு' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். போகப் போகக் கேலி போய்விட்டது, பெயர் மட்டும் நின்றுவிட்டது.

சீடர் சென்னியப்பனுக்கு நாற்பத்தாறு வயது, கோழித்தீவன வியாபாரம், கொஞ்சம் தொப்பை. நல்ல மனிதர் என்று ஊரில் பெயர், அது பொய்யும் இல்லை. கல்யாண வீட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் முதல் ஆளாகப் போய் நிற்பவர். இந்த வயதில் மலைப்பாதையில் வண்டி ஓட்டுகிற ஆசை எங்கிருந்து வந்து தொற்றிக்கொண்டது என்று அவர் மனைவி சுலோச்சனாவுக்குக் கடைசிவரை பிடிபடவில்லை.

ஒரு நாள் அவர் குவாரி மேட்டில் விழுந்தார். இடது கணுக்கால் மடங்கிப் பூசணி மாதிரி வீங்கிவிட்டது. வலி குறைந்ததும் நொண்டிக்கொண்டே குருவிடம் வந்தார்.

"ஏனுங்க அம்மணி, நல்ல பூட்ஸ்னா எதுங்க? கடைக்காரன் ஒண்ணு சொல்றான், வீடியோவுல ஒண்ணு சொல்றாங்க. எனக்குத் தலையே சுத்துதுங்க."

குரு அவர் எதிரே மண்ணில் உட்கார்ந்து, வீங்காத காலை இரண்டு கையாலும் பிடித்தார்.

"அய்யய்யோ, காலைத் தொடறீங்களே!" என்று சென்னியப்பன் பதறிப்போய் இழுத்துக்கொள்ளப் பார்த்தார்.

"சும்மா இருங்கண்ணா."

பாதத்தைப் பக்கவாட்டில் மெதுவாகத் திருகினார். சென்னியப்பன் பல்லைக் கடித்த இடத்தில் நிறுத்திக்கொண்டார்.

"இதுக்கு மேல போகாதுங்க. போனா ஒடியும். போக உடாம எது புடிச்சு நிறுத்துதோ, அது நல்ல பூட்ஸ்."

"அந்த மாதிரி ஒண்ணு போட்டுப் பாத்தனுங்க. கட்டையில காலை உட்ட மாதிரி இருக்குது. நடக்கவே முடியலீங்களே."

"நடக்கறதுக்கா வாங்கறீங்க?"

சென்னியப்பன் சிரித்தார். "சரீங்க. நெஞ்சுக் கவசம், முட்டிக் கவசம், ஹெல்மெட்டு?"

"மாட்டிக்கிட்டு இன்னொரு ஆளைப் புடிச்சு இழுக்கச் சொல்லுங்க. நகரக் கூடாது. விழறப்ப வழுக்கிட்டுப் போற கவசம் உடம்புல இருந்தா என்ன, வூட்ல இருந்தா என்ன?"

சென்னியப்பன் கோயமுத்தூர் போய் ஒரு மத்தியானம் முழுக்கக் கடைக்காரரின் உயிரை வாங்கினார். ஒவ்வொரு பூட்ஸையும் போட்டு, கடைப் பையனை விட்டுப் பாதத்தைத் திருகச் சொன்னார். அசையாத ஒன்றை எடுத்தார். முழங்காலுக்குக் கீழ்வரை வரும். நான்கு கொக்கிகள், கணுக்காலில் இரண்டு பக்கமும் கீல், முன்னால் பலகை மாதிரி ஒரு தகடு. வீட்டுக் கூடத்தில் அதைப் போட்டுக்கொண்டு டக் டக்கென்று நடந்தார். சுலோச்சனா தலையில் அடித்துக்கொண்டாள்.

விழுந்தபோது போட்டிருந்த பழைய ஜோடி பரணுக்குப் போனது. அதன் இடது கணுக்கால் கீலில் விரிசல். ஒரு கொக்கி உடைந்த இடத்தில், செருப்புத் தைப்பவர் பள்ளிக்கூடப் பையின் வாரை வைத்துத் தைத்துக் கொடுத்திருந்தார். பார்வைக்கு என்னவோ நன்றாகத்தான் இருந்தது.

நம் வீடுகளில் ஒரு பழைய ஹெல்மெட் எப்போதும் ஆணியில் தொங்கும். கூட வருகிறவருக்கு அது. நல்லதை நாம் மாட்டிக்கொண்டு அதை எடுத்து நீட்டுவோம். கொடுப்பவருக்கும் கூச்சம் கிடையாது, வாங்குபவருக்கும் வருத்தம் கிடையாது. எந்த வீட்டிலும் இதற்காகச் சண்டை வந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

சுலோச்சனாவின் தம்பி திருமூர்த்தி சோமனூர்ப் பக்கம் விசைத்தறி ஓட்டுகிறவன். பொழுதுக்கும் தறிக்கு முன்னால் நின்றே செய்கிற வேலை. இருபத்தொன்பது வயது, அவனுக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மச்சானுக்கு வந்த ஆசை அவனுக்கும் வந்துவிட்டது.

"மச்சான், நானும் வரனுங்க."

"வா மாப்ளே. என்ர பழைய பூட்ஸு சும்மாதான் கெடக்குது. நம்ம ரெண்டு பேருக்கும் ஒரே அளவுதானே" என்றார் சென்னியப்பன். மனதாரத்தான் சொன்னார். பரணிலிருந்து இறக்கித் துடைத்து எண்ணெய் போட்டு வைத்ததும் அவரே.

இருவரும் குவாரிக்கு வந்தார்கள். குரு திருமூர்த்தியின் காலருகே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கீலைக் கட்டைவிரலால் அழுத்தினார். விரிசல் வாயைத் திறந்தது. எழுந்து சென்னியப்பனைப் பார்த்தார்.

"அண்ணா, ரெண்டு பேரும் பூட்ஸை மாத்திப் போடுங்க."

"எதுக்குங்க அம்மணி?"

"நீங்க அதுல ஒரு சுத்து வாங்க."

சென்னியப்பன் சிரித்துப் பார்த்தார். குரு சிரிக்கவில்லை.

"இல்லீங்க... அது எனக்கு ஆகாதுங்க. கணுக்கால் மடங்குதுங்க."

சொன்ன பிறகுதான் சொன்னது அவர் காதிலேயே விழுந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டு கையுறையைச் சரிசெய்தார். திருமூர்த்திதான் குறுக்கே வந்தான்.

"பரவால்லீங்க்கா. மச்சானுக்கு வயசாச்சு. எனக்கு எலும்பு கெட்டிங்க."

"இந்த பூட்ஸோட வண்டி எடுக்கக் கூடாதுங்க தம்பி. இங்கயும் கூடாது, வேற எங்கயும் கூடாது" என்றார் குரு. பிறகு சென்னியப்பன் பக்கம் திரும்பி, "உங்களுது மாதிரியே அவருக்கும் ஒண்ணு வாங்கிட்டு வாங்க, சொல்லித் தர்றேன்" என்றார்.

திரும்பி வரும்போது காரில் சென்னியப்பனுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. மச்சினன் முன்னால் மூக்குடைபட்ட கோபம். அம்மணிக்கு வர வர ரொம்பத்தான் என்றார். எப்போதோ ஒரு நாள் ஓட்டுகிறவனுக்கு அவ்வளவு பூட்ஸ் எதற்கு என்றார். தீபாவளி போகட்டும், வாங்கித் தருகிறேன் மாப்ளே என்றார். திருமூர்த்தி எல்லாவற்றுக்கும் சரீங்க மச்சான் என்றான். அவன் சுபாவம் அது.

தீபாவளிக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவரும் வறண்ட ஆற்றுக்குள் இறங்கினார்கள். மலை இல்லை, பள்ளம் இல்லை. கூழாங்கல்லும் மணலும்தான், சும்மா ஓட்டிப் பார்க்கத்தான். சென்னியப்பன் முன்னால் போனார். கொஞ்ச தூரம் போனதும் பின்னால் வண்டிச் சத்தம் கேட்கவில்லை. பையன் நின்று போன் பேசுகிறான் போலிருக்கிறது என்று நினைத்து, மெதுவாகவே வண்டியைத் திருப்பினார்.

கல்லில் முன்சக்கரம் வழுக்கி வண்டி இடது பக்கமாகச் சாய்ந்திருந்தது. பாதம் பாறைக்கும் வண்டிக்கும் நடுவில் மாட்டி, திரும்பக் கூடாத பக்கம் திரும்பியிருந்தது. கீல் இரண்டாகப் பிளந்து கிடந்தது. தைத்த வார் பிய்ந்துபோயிருந்தது. வண்டியைத் தூக்கியபோது பூட்ஸ் தானாகவே காலிலிருந்து நழுவி விழுந்தது. உள்ளே இருந்ததைச் சென்னியப்பன் பார்த்தார். அன்றிலிருந்து அவர் கண்ணை மூடினால் அதுதான் வருகிறது.

"மச்சான், கால் இருக்குதுங்களா?" என்று கேட்டான் திருமூர்த்தி.

"இருக்குது மாப்ளே, இருக்குது."

ஆஸ்பத்திரியில் ரத்தக் குழாய் அறுந்துவிட்டது என்றார்கள். பாதம் கறுத்துவிட்டது என்றார்கள். முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

சென்னியப்பன் வராந்தாவில் நின்றுகொண்டிருந்தார். சுற்றி எல்லோரும் செருப்பிலும் வெறுங்காலிலும் இருக்க, அவர் மட்டும் முழங்கால்வரை பூட்ஸ் போட்டு நின்றார். நடந்தால் டக் டக்கென்று சத்தம் வந்தது. அதனால் நடக்காமல் சுவரில் சாய்ந்தே நின்றார். குனிந்து அந்தக் கொக்கிகளைக் கழற்றக்கூட அவருக்குக் கை வரவில்லை. சுலோச்சனா ஓடி வந்தாள். அவர் முகத்தைப் பார்த்தாள், பிறகு காலைப் பார்த்தாள்.

"அவனுக்கு எதைப் போட்டு உட்டீங்க?"

அவர் பூட்ஸ் காலைச் சுவரோடு ஒட்டி இழுத்துக்கொண்டார். அவள் மறுபடி கேட்கவில்லை.

வந்து பார்த்த சொந்தக்காரர்கள் கெட்ட நேரம் என்றார்கள், ஊர்க் கண் என்றார்கள். பெண் வீட்டார் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள், அப்புறம் பேச்சு மூச்சு இல்லை. திருமூர்த்தியோ கட்டுப்போட்ட காலை வைத்துக்கொண்டு சென்னியப்பனுக்கு ஆறுதல் சொன்னான். "உங்க மேல என்னங்க மச்சான் இருக்குது? கல்லு அந்த மாதிரிங்க. எதைப் போட்டிருந்தாலும் போயிருக்குமுங்க."

சென்னியப்பன் அந்தப் பேச்சைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். கல் அந்த மாதிரி. படுக்கும்போது சொல்லிக்கொண்டார், கடையில் மூட்டை ஏற்றும்போது சொல்லிக்கொண்டார். ஆனால் அவரே சொன்னால் அது மனதில் நிற்கவில்லை. விஷயம் தெரிந்த ஒருவர் வாயிலிருந்து அது வர வேண்டும். ஒரு முறை வந்துவிட்டால் போதும், சுலோச்சனா முகத்தைப் பார்த்துச் சாப்பிட முடியும் என்று நினைத்தார். குவாரிக்குப் போனார்.

குரு தனியாக ஒரு வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அம்மணி."

"வாங்கண்ணா. தம்பியை நேத்து போய்ப் பாத்தேன்."

"எப்படி விழுந்தான்னு சொன்னானுங்களா?"

"சொன்னாருங்க."

"அப்ப உங்களுக்குத் தெரியுமுங்க. நீங்க எத்தனையோ பேரு விழுந்து பாத்திருக்கறீங்க." சென்னியப்பனின் குரல் கெஞ்சியது. "என்ர புது பூட்ஸையே போட்டிருந்தாலும் போயிருக்குமுங்க, இல்லீங்களா? அந்தக் கல்லு அப்படீங்க. எது போட்டாலும் நிக்காதுங்க. சொல்லுங்க அம்மணி. ஒரு வார்த்தை சொல்லுங்க."

குரு துணியை மடித்து வைத்தார்.

"உங்க புது பூட்ஸ் எங்கீங்க?"

"கார்லயே கெடக்குதுங்க. அதுக்கப்புறம் நான் தொடலீங்க."

"எடுத்துட்டு வாங்க."

எடுத்து வந்தார். குரு கையை நீட்டி இடது காலுக்கானதை மட்டும் காட்டினார். "போடுங்க."

சென்னியப்பன் போட்டார். கொக்கிகளை மாட்டாமல் விட்டார். குருவே குனிந்து நான்கையும் ஒவ்வொன்றாக இறுக்கினார். இந்த முறை காலைத் தொடாதீர்கள் என்று சென்னியப்பன் சொல்லவில்லை.

"இந்தக் கல்லுப் பக்கத்துல உக்காருங்க. காலை நீட்டுங்க. பாதத்தைப் பக்கவாட்டுல சாச்சுக் கல்லு மேல வைங்க. தம்பி அப்படித்தான் காமிச்சாருங்க."

வைத்தார். குரு வண்டியை உருட்டிக்கொண்டு வந்து, இரண்டு கையாலும் தாங்கிப் பிடித்தபடி மெதுவாகச் சாய்த்தார். வண்டியின் இரும்புச் சட்டம் பூட்ஸின் மேல் வந்து உட்கார்ந்தது. குரு கையை எடுத்தார். வண்டியின் முழுப் பாரமும் இறங்கியது.

சென்னியப்பன் கண்ணை இறுக மூடிக்கொண்டார். கால் ஒடியட்டும் என்று வேண்டினார். சாமி சத்தியமாக வேண்டினார். ஒடிந்துவிட்டால் காரணம் கல்தான், கல்லேதான், வேறு எதுவும் இல்லை.

பிளாஸ்டிக் ஒரு முறை கிரீச்சென்றது. அதற்குப் பிறகு ஒன்றும் ஆகவில்லை. உள்ளே கணுக்கால் நேராக இருந்தது. விரல்களை அசைத்துப் பார்த்தார், அசைந்தன.

குரு பக்கத்தில் ஒரு கல்லில் உட்கார்ந்தார்.

"வலிக்குதுங்களாண்ணா?"

சென்னியப்பன் வாயைத் திறந்தார். பேச்சுக்குப் பதில் அழுகைதான் வந்தது. ஆஸ்பத்திரியில் வராத அழுகை, மனைவி முன்னால் வராத அழுகை. மூக்கிலும் கண்ணிலும் வழிய, குழந்தை மாதிரி தலையை ஆட்டினார்.

"இல்லீங்க... வலிக்கலீங்க."

குவாரிக்குள் காற்று புழுதியைக் கிளப்பிக்கொண்டிருந்தது.

"வண்டியை எடுத்துருங்க அம்மணி" என்றார் சென்னியப்பன். "என்னால முடியலீங்க. எடுத்துருங்க."

"வலிக்கலீன்னா இருங்கண்ணா" என்றார் குரு.