ஆவுடையப்பன் அச்சகத்தில் அப்டேட் வந்த நாள்

புளியறைப்பட்டியில் கல்யாணப் பத்திரிகை அடிக்க ஒரே ஒரு அச்சகம்தான். ஆவுடையப்பனும் அவர் மச்சினன் சொக்கநாதனும் நடத்தினார்கள். இருவரும் சொன்ன சொல் தவறாதவர்கள். யார் சொன்ன சொல்லானாலும் சரி. வைரஸ் தொல்லை தாங்காமல் ஆவுடையப்பனின் அக்கா மகன் அவர்கள் லேப்டாப்பில் லினக்ஸ் போட்டு, எல்லாம் தமிழிலேயே வரும்படி செய்துவிட்டு, "திரையில என்ன வருதோ அதை அப்படியே செய்யுங்க மாமா" என்று சொல்லி துபாய்க்குப் போய்விட்டான்.

அரிசிக்கடை தங்கப்பழம் மகளின் கல்யாணப் பத்திரிகையைச் சாயங்காலம் கொடுத்தாக வேண்டும். அன்று காலையில் பார்த்து அப்டேட் வந்தது.

'திறந்திருக்கும் சாளரங்களை மூடவும்' என்றது திரை. அறையில் இருந்த ஜன்னல் எல்லாவற்றையும் மூடிவிட்டு வேர்வையில் உட்கார்ந்தார்கள்.

'கணினியை அணைக்க வேண்டாம்' என்றது அடுத்து. சொக்கநாதன் கூச்சத்தோடு நாற்காலியைப் பின்னால் தள்ளிப் போட்டுக்கொண்டார். தனக்கு அப்படி ஓர் எண்ணம் வந்ததே இல்லை என்று அத்தானிடம் விளக்கமும் சொன்னார்.

பிறகு வந்ததுதான் சிக்கல். 'அருகிலுள்ள கண்ணாடியைத் தேர்ந்தெடுக்கவும்.' அப்டேட்டின் நகல் இருக்கும் சர்வரை ஆங்கிலத்தில் 'மிரர்' என்பார்கள்; எந்த ஊர் மிரரிலிருந்து இறக்குவது என்று லினக்ஸ் கேட்கும் விதம் அது. இவர்களுக்கு எங்கே தெரியும்?

"வீட்டு பீரோவில நல்ல கண்ணாடி இருக்கு மாப்ளே," என்றார் ஆவுடையப்பன்.

"அருகிலுள்ளதுன்னுதான் போட்டிருக்கு அத்தான். நல்லதுன்னு போடலை. சலூன்தான் பக்கம்."

சலூன்காரர் கண்ணாடியைக் கழற்றிக் கொடுத்தார். பாதிக் கன்னம் மழித்திருந்த ஆளும் கூடவே வந்துவிட்டார். அவர் முகம் அதில்தானே இருந்தது. லேப்டாப்புக்கு எதிரே கண்ணாடியை நிறுத்தியபோது யாருடைய முழங்கையோ எதிலோ பட்டு, அப்டேட் ஓட ஆரம்பித்தது. எல்லாம் கண்ணாடி செய்த வேலை என்று மூவரும் நம்பினார்கள்.

'மறுதொடக்கம் செய்யவும்' என்று வந்ததும், ஜன்னல்களைத் திறந்து மறுபடி மூடினார்கள். சொக்கநாதன் நாற்காலியை முன்னால் இழுத்துப் பின்னால் தள்ளினார். கண்ணாடியைச் சலூனில் மாட்டிவிட்டுத் திரும்பக் கழற்றி வந்தார்கள். முகத்துக்காரரும் போய் வந்தார்.

கடைசியாகத் திரை சொன்னது: 'இந்தப் பதிப்பின் ஆயுட்காலம் முடிந்துவிட்டது.'



"காலையில நல்லாத்தானே இருந்துச்சு," என்றார் ஆவுடையப்பன். அவர் கண் கலங்கியது. இனி எதற்கு என்று சொக்கநாதன் சார்ஜரைக் கழற்றிவிட்டு, போய் ஒரு ரோஜா மாலை வாங்கி வந்து லேப்டாப்புக்குப் போட்டார்.

பத்திரிகை எங்கே என்று சத்தம் போட வந்த தங்கப்பழம், மாலையைப் பார்த்ததும் செருப்பை வாசலில் விட்டு, அடக்கமாக வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். பத்திரிகைப் பேச்சையே எடுக்கவில்லை.

"எப்ப எடுக்குறீங்க?" என்று மெதுவாகக் கேட்டார்.

"பேட்டரியில இன்னும் கொஞ்சம் சார்ஜ் இருக்கு," என்றார் ஆவுடையப்பன். "அது அடங்கட்டும்."