கொட்டாவிக்கு ஒரு லேகியம்

வேங்கைக்குறிச்சிப் பாளையத்தில் ஒரு வழக்கம் உண்டு. இரவெல்லாம் கோட்டைச் சுவரில் நின்ற காவலர்கள் விடிந்ததும் நேரே அரசவைக்கு வரவேண்டும். "கோட்டை பத்திரம் மகாராஜா" என்று சொல்லி ஈட்டியை ஒப்படைத்த பிறகுதான் வீட்டுக்குப் போகலாம்.

ஒருநாள் காவலன் சேவுகன் "கோட்டை" என்று ஆரம்பித்தான். "பத்திரம்" வருவதற்குள் கொட்டாவி வந்துவிட்டது. அதைப் பார்த்து அரசர் பூமிநாதருக்கும் வந்தது.

அரண்மனை வைத்தியர் ஏகாம்பர பண்டிதர் எழுந்தார். பாவம், அவருக்கு அந்த வருஷம் தொழில் மந்தம். ஊரில் காய்ச்சல்கூட ஒழுங்காக வரவில்லை. சேவுகனின் நாடியைப் பிடித்தார், முகத்தைத் தொங்கப்போட்டார்.

"மகாராஜா, இது ஜிரும்ப வாதம். ஒட்டுவாரொட்டி."

பேரைக் கேட்டதுமே அவையில் பாதிப் பேருக்கு உடம்பு சரியில்லாமல் போயிற்று.

"மருந்து?" என்றார் அரசர்.

"அடியேனுடைய லேகியம் ஒன்றுதான். வீட்டுக்கு வீடு வாங்கவேண்டும். தின்ற பிறகும் கொட்டாவி விட்டால் நோய் முற்றிவிட்டதென்று அர்த்தம். அப்படிப்பட்டவரைக் கோட்டைக்குள் வைத்திருப்பது ஆபத்து."

அன்றைக்கே தண்டோரா போட்டாயிற்று. சேவுகன் மனைவியின் தோட்டைப் பண்டிதரிடம் கொடுத்து லேகியம் வாங்கித் தின்றான். இரவெல்லாம் சுவரில் நின்றான். காலையில் ஈட்டியோடு வந்தான். மறுபடியும் கொட்டாவி.

"முற்றிவிட்டது" என்று பண்டிதர் வாசலைக் காட்டினார். வாசலில் அவன் மனைவி, இடுப்பில் குழந்தையும் கையில் மூட்டையுமாக ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தாள்.

அவை விகடகவி அழகாத்திரி அந்த மூட்டையைப் பார்த்தான். அரசரைச் சிரிக்கவைப்பதற்கென்றே சம்பளம் வாங்குகிற மனுஷன் அவன். ஆனால் ராத்திரியில் அவனுக்குத் தூக்கம் பிடிக்காது. புரண்டு புரண்டு படுப்பான். சுவரிலிருந்து சேவுகன் "உஷார்" என்று கூவும் குரல் காதில் விழுந்தால்தான், நமக்காக ஒருத்தன் விழித்திருக்கிறான் என்று கண் சொக்கும். அந்தக் குரல் இப்போது மூட்டை கட்டிக்கொண்டு கிளம்புகிறது.

"மகாராஜா, பண்டிதரிடம் ஒரு சந்தேகம் கேட்கலாமா?"

"கேள். ஆனால் வீண் வம்பென்றால் நீயும் அவனோடு வெளியேதான்."

"சரி மகாராஜா. பண்டிதரே, லேகியம் உள்ளே போனால் கொட்டாவி வராதா?"

"வரவே வராது. நான் தினமும் சாப்பிடுகிறேனே, பார்த்தால் தெரியவில்லையா?"

"தெரிகிறது, தெரிகிறது. சும்மா கேட்டேன் ஐயா."

சொல்லிவிட்டு அழகாத்திரி அவர் முகத்துக்கு நேரே நின்றான். மெதுவாக வாயைத் திறந்தான். கிணறு மாதிரி ஒரு கொட்டாவி; முடிவில் "ஆ...வ்" என்று ஓர் இழுப்பு. மந்திரிக்கு வந்தது. சாமரம் வீசுகிறவளுக்கு வந்தது. அரசர் கையால் வாயை மூடிக்கொண்டார். பண்டிதர் பல்லைக் கடித்தார். மூக்கு விடைத்தது. கண்ணில் நீர் கோத்தது. தாடை வெடவெடவென்று ஆடியது. கடைசியில், உள்நாக்கு தெரிய, எல்லோரையும்விடப் பெரிதாக ஒன்று விட்டார்.



"அடடா, உமக்கும் முற்றிவிட்டதே ஐயா" என்றான் அழகாத்திரி.

அரசர் புருவத்தை உயர்த்தினார். "பண்டிதரே, சட்டம் நீர் சொன்னதுதானே? வாசல் அதோ இருக்கிறது."

"வெளியே அனுப்பவேண்டாம் மகாராஜா" என்று அழகாத்திரி குறுக்கிட்டான். "நமக்கு வைத்தியர் வேண்டும். நோய் சுவரில்தானே பிறந்தது? ஒரு வாரம் சேவுகன் இடத்தில் அவர் நிற்கட்டும். நோயை நன்றாகப் படித்துக்கொண்டு வரட்டும். தோடு மட்டும் இன்றைக்கே திரும்பிவிடவேண்டும்."

தோடு திரும்பியது. மூட்டையும் வீடு திரும்பியது.

வாரக் கடைசியில் பண்டிதர் ஈட்டியை ஊன்றிக்கொண்டு அவைக்கு வந்தார். கண் இரண்டும் கோவைப்பழம். "கோட்டை" என்றார். அப்புறம் ஒரு கொட்டாவி. "பத்திரம்" என்றார். அப்புறம் இன்னொன்று.

"லேகியம் கொண்டுவரச் சொல்லட்டுமா?" என்றார் அரசர்.

"வேண்டாம் மகாராஜா" என்றார் பண்டிதர். "ஒரு பாய் போதும்."

அரசர் சிரித்த சிரிப்பில் அவருக்கே கொட்டாவி வந்தது. யாரும் நாடி பிடிக்கவில்லை.