இரண்டாவது பெட்டியை யாரும் கேட்கவில்லை

சனிக்கிழமை வகுப்பு முடிந்து எல்லோரும் போன பிறகும் ஒரு முகம் மட்டும் திரையை விட்டு நகரவில்லை. ஆயக்குடிப் பக்கம் ஒரு கொய்யாத் தோப்புக்கு மேனேஜர். பெயர் நாச்சிமுத்து, வயது ஐம்பத்து நாலு. விளைந்ததை ஆன்லைனில் விற்பது எப்படி என்று சொல்லிக்கொடுக்கும் ஆசிரியை ரெஜினாவுக்கு முப்பத்திரண்டு.

“கேள்வி ஏதாவது இருக்கா சார்?”

“இருக்குங்க டீச்சர். உங்க வகுப்பு வேலைக்கு ஆகலை. இதை யார்கிட்டப் போய்ச் சொல்லணும்?”

“என்கிட்டயே சொல்லுங்க.”

“காலை வெயில்ல போட்டோ எடுக்கச் சொன்னீங்க. விடியறதுக்கு முன்னாடி எந்திரிச்சுப் போய் எடுத்தேன். மரத்தைப் பத்திக் கதை எழுதச் சொன்னீங்க. எழுதினேன். பெட்டி மூடியில என் மூஞ்சியைப் போடச் சொன்னீங்க. வெக்கத்தை விட்டு அதையும் போட்டாச்சு. இருநூத்திப் பத்துப் பேர் வாங்கினாங்க. ரெண்டாவது பெட்டி கேட்டு ஒருத்தர்கூட வரலீங்க. ஒரே ஒருத்தர்கூட!”

“பழம் எப்படி?”

“ஆயக்குடிக் கொய்யாவைப் பார்த்தா இந்தக் கேள்வி கேக்கறீங்க?”

ரெஜினா நோட்டில் ஏதோ குறித்துக்கொண்டார்.

“வாங்கினவங்க திரும்ப வரலைன்னா, இந்தப் பருவத்தோட தோப்பைக் குத்தகைக்கு விட்டுருவேன்னு ஓனர் சொல்லிட்டார். குத்தகைக்காரன் வந்தா மேனேஜர் எதுக்குங்க? இருபத்தாறு வருஷம். ஒவ்வொரு மரமும் நான் நின்னு நட்டது. உங்களுக்கென்ன, நான் போனா இன்னொருத்தர் வந்து வகுப்புல உக்காருவார். புதுசா வித்தை ஏதாச்சும் இருந்தா சொல்லுங்க. இல்லைன்னா இல்லைன்னு சொல்லிருங்க.”

“உங்களைத் திட்டப் பயப்படாத ஆள் யாராவது உண்டா?”

இதற்கு அவர் யோசிக்கவே இல்லை. “வீட்டுல இருக்காங்க.”

“அவங்களுக்கு ஒரு பெட்டி அனுப்புங்க. வாங்கறவங்களுக்கு எப்படிப் போகுதோ அப்படியே, கூரியர்ல. யாருக்குன்னு பேக்கிங் ஷெட்டுல மூச்சு விடக்கூடாது. நீங்களும் தொடக்கூடாது.”

“இதுக்குப் பேர் பாடமாங்க?”

ரெஜினா அழைப்பைத் துண்டித்துவிட்டார்.

தோப்பிலிருந்து பழனியில் இருக்கும் வீட்டுக்கு பைக்கில் இருபது நிமிஷம். பெட்டி கூரியரில் மூன்று நாள் ஊர் சுற்றிவிட்டுப் போய்ச் சேர்ந்தது.

நான்காம் நாள் மத்தியானம் மனைவி மயிலாத்தாளிடமிருந்து போன் வந்தது. நாச்சிமுத்து அதைக் காதிலிருந்து அரை அடி தள்ளிப் பிடித்திருந்தும், ஷெட்டில் பழம் அடுக்கிக்கொண்டிருந்த ஆறு பெண்களுக்கும் கேட்டது.

“ஏனுங்க, உங்களுக்கு நான் என்ன பாவம் பண்ணினேன்?”

“என்னாச்சு மயிலா?”

“பெட்டி பாக்க லட்சணமா இருக்கே, மூடியில வீட்டுக்காரர் மூஞ்சி வேற சிரிக்குதேன்னு, பிரிச்சுக்கூடப் பாக்காம சம்பந்தி வீட்டுக்குத் தூக்கிட்டுப் போனேன். எங்க தோப்புப் பழமுங்கன்னு பெருமையா வச்சேன். அந்தம்மா அதைத் தாம்பாளத்துல கவுத்துக் கொட்டினாங்க.”

நாச்சிமுத்து ஷெட்டுப் பெண்களுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றார்.

“மேல இருந்த எட்டுப் பழம் அடியில போயிருச்சு. அடியில கிடந்த எலுமிச்சங்காய் சைஸெல்லாம் மேல ஏறி உக்காந்துக்கிச்சு. அதுலயும் பாதி நசுங்கல். அந்தம்மா ஒரு சுடுசொல் சொல்லலீங்க. ‘பரவால்ல, ஜூஸ் போட்டுக்கலாம்’னாங்க. அதுக்கு என்னை நாலு அறை அறைஞ்சிருக்கலாம். சமையக்கட்டுக்குள்ள போன நம்ம பொண்ணு, நான் கிளம்பற வரைக்கும் வெளிய வரலை.”

“மயிலா, பெட்டின்னா அப்படித்தான் அடுக்குவாங்க. சந்தையில…”

“நான் என்ன சந்தையா?”

போன் வைக்கப்பட்டது. ஷெட்டில் ஆறு பேரும் தலை நிமிராமல் அடுக்கினார்கள்.

அவர் சனிக்கிழமை வரை பொறுக்கவில்லை. அங்கே நின்றபடியே ஆசிரியைக்கு வீடியோ கால் போட்டார்.

“என் குடும்ப மானத்தைத் தாம்பாளத்துல கொட்டிட்டீங்க டீச்சர்.”

“கொட்டினது சம்பந்தியம்மாவா, நானா?” நடந்ததை முழுக்கத் தெரிந்துகொண்டு ரெஜினா கேட்டார். “அடுக்கினது யாரு?”

“ஷெட்டுப் பொண்ணுங்க. ஆனா நான் கத்துக்குடுத்த அடுக்கு. பழியை என் தலைமேலயே போடுங்க.”

“ஏமாத்துன்னு தோணலையா?”

நாச்சிமுத்துவின் முகம் சிவந்தது. “வயசுல சின்னவங்க, வார்த்தையை அளந்து பேசுங்க. நான் ஒருத்தரை ஏமாத்திப் பொழைச்சதில்லை. சந்தைக்குப் போற எல்லாக் கூடையும் இப்படித்தான். மேல பெருசு, அடியில பொடுசு. வாங்கற யாவாரிக்கு இது தெரியாதா? மேல இருக்கறதை அவன் ஏறெடுத்தும் பாக்க மாட்டான். முழங்கை வரைக்கும் உள்ள விட்டு, அடியில இருந்து ஒண்ணை உருவி, அதைப் பாத்துத்தான் விலையே சொல்லுவான். அவன் கை, அவன் கண்ணு, அவன் விலை. இதுல எங்கீங்க ஏமாத்து?”

“இல்லை சார். நீங்க சொல்றது சரி. சந்தையில நீங்க யாரையும் ஏமாத்தலை.”

சண்டைக்கு நின்றவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“அடுக்கின பெட்டி பக்கத்துல இருக்கா?”

“இன்னைக்குப் போக வேண்டியது முப்பது இருக்குங்க.”

“ஒண்ணை எடுத்து போன் முன்னால வைங்க. மூடியைத் திறங்க.”

திறந்து வைத்தார். எட்டுப் பழம் பளபளவென்று மேலே இருந்தது. விற்பனைக்குப் போட்ட போட்டோவிலும் இதே மாதிரி எட்டுதான்.

ரெஜினா சுடிதார் கையை முழங்கை வரை ஏற்றிவிட்டுக்கொண்டார். கையைத் திரையை நோக்கி நீட்டினார். விரல்கள் பெரிதாகிக்கொண்டே வந்தன. பிறகு உள்ளங்கை. பிறகு ரேகைகள். பிறகு திரை முழுக்க இருட்டு.

நாச்சிமுத்து காத்திருந்தார். இருட்டு விலகவில்லை.

“டீச்சர், ஒண்ணும் தெரியலீங்க.”

“பொறுங்க. அடியில என்ன இருக்குன்னு தடவிப் பாத்துக்கிட்டிருக்கேன்.”

“விளையாடறீங்களா? அங்கிருந்து எப்படிங்க எட்டும்?”

“எட்டாதுல்ல?” இருட்டுக்குள்ளிருந்து குரல் சுள்ளென்று வந்தது. “வாங்கறவங்களுக்கும் எட்டாது. உங்க கை சும்மாதானே இருக்கு. உள்ள விடுங்க.”